யாரும் கொடுக்காத பாதை

காலையில் எழில்மதி பல் டாக்டர். டீ வருவதற்குள் நகைக்கடை முதலாளி ஆகிவிடுவாள். சாப்பாட்டுக்குப் பிறகு தனியார் பள்ளித் தாளாளர். பொழுது சாயும்போது, மண்ணை விட்டுப் பிரிய மனமில்லாத படித்த விவசாயி. இத்தனை ஆண்பிள்ளைகளின் நெஞ்சுக்குள் புகுந்து, அவர்கள் ஒருநாளும் நினைத்திராததை நினைத்து, அவர்கள் பேரில் எழுதிப் போடுவதுதான் அவளுடைய உத்தியோகம்.

இடம் கள்ளக்குறிச்சி துருகம் ரோடு, செருப்புக் கடைக்கு மேலே ஒரு மாடி. வெளியே 'வெற்றிக்கொடி கிராபிக்ஸ்' என்று பலகை. அந்தக் கடை ஒரு காலத்தில் பிளெக்ஸ் அடித்துப் பிழைத்தது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே ரோசாப்பூ பார்டர். பேனர் வைக்கக் கெடுபிடி கூடியதும் முதலாளி பிரவீன்குமார் தொழிலை மாற்றிக்கொண்டார். "ரோட்டுல கட்டுன பேனரை இனிமே போன்ல கட்டப்போறோம், அவ்ளோதாம்மா" என்றார். மெஷினை விற்றாயிற்று, மை நாற்றம் போயிற்று. வேலை மட்டும் அதேதான்: இருக்கிறவனை இன்னும் பெரிதாகக் காட்டுவது.

எழில்மதி கணினி அறிவியல் படித்தவள். டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளில் ஏஐ வந்தது. தன் வேலையைத் தின்ன வந்ததையே பிடித்து மூக்கணாங்கயிறு போட்டுக்கொண்டவள் அவள்.

பிரவீன்குமார் முதலில் தானே முயன்று பார்த்தார். 'விவசாயி பற்றி உருக்கமாக ஒரு திரெட் எழுது' என்று அடித்தார். திரெட் என்றால் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்த சின்னச் சின்னப் பதிவுகள். முதல் பதிவு போகிறவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டும். கடைசிப் பதிவுக்கு அவன் கண் கலங்க வேண்டும். ஏஐ எழுதிக் கொடுத்ததில் மண்வாசனை இருந்தது, வியர்வைத் துளி இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் தென்றல் வீசியது.

"இந்தத் தென்றல் எந்த ஊர்ல வீசுதுன்னு கேளும்மா. கரும்புக்குள்ள போய் நின்னா எனக்கு மூச்சு முட்டுது" என்றார்.

எழில்மதிக்கு அப்போதுதான் சூட்சுமம் பிடிபட்டது. ஏஐ படிக்காத புத்தகம் இல்லை. ஆனால் அது கரும்புச் சோகை, அதாவது காய்ந்த தோகை, கிழித்து ரத்தம் பார்த்ததில்லை. ஒரே ஒரு உண்மையைக் கொடுத்தால் போதும், அதைச் சுற்றி எத்தனை பொய்யை வேண்டுமானாலும் அழகாகக் கட்டித் தரும். அதனால் ஏஐக்கு அவள் அடிக்கும் கட்டளை, அதாவது பிராம்ப்ட், இப்படி இருக்கும்: 'நீ நாற்பது வயது விவசாயி. பொறியியல் படித்தவர். பெருமை அடிக்காதே. முதல் வரியில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல், காரணத்தைச் சொல்லாதே. தென்றல், மண்வாசனை, தாய்மடி கூடாது. கரும்பு வெட்டுகிற பெண்கள் சோகை கிழிக்காமல் இருக்க முகத்தில் துண்டு கட்டிக்கொள்வார்கள், கண் மட்டும் தெரியும். அங்கிருந்து தொடங்கு.'

அந்தத் துண்டுக்கு மேலே தெரிந்த கண் அவளுடைய அம்மா குஞ்சம்மாளுடையது. பதிவு சிவசங்கருடையது. பாராட்டும் அவருக்குத்தான்.

இந்த சிவசங்கர் அவள் ஊர்க்காரர். வடக்கனந்தல் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் ஓடையனூரில் பாதி நன்செய் அவர் குடும்பத்துக்குச் சொந்தம். உழவர் கம்பெனி ஒன்று தொடங்கி, மாவட்ட அளவில் ஒரு பதவிக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தார். முதன்முதலில் மாடி ஏறி வந்தபோதே அவளைப் பார்த்து, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார். சொன்னாள். "அட, நம்ம மாயவன் பொண்ணா! அவனுக்கு இப்படி ஒரு பொண்ணா? பரவால்லையே" என்றார். மாயவன் அவரைவிட இருபது வயது மூத்தவர். எழில்மதி திரையைப் பார்த்துக்கொண்டே சிரித்து வைத்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? கரும்புக் கட்டு தூக்கித் தூக்கி அப்பாவின் முதுகு போய்விட்டது. அம்மாவின் வேலை வெட்டு நடக்கும் மாதங்களில் மட்டும். அந்த வீட்டில் மாதாமாதம் சம்பளம் என்று வருவது அவளுக்குத்தான். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம்: தான் எழுதிய வரி ஊர் ஊராக ஓடுவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் குடியிருந்த காலனியில் யாருக்கும் இது தெரியாது. 'கம்ப்யூட்டர் கடையில வேல' என்பதோடு சரி.

இப்போது பாதையைச் சொல்ல வேண்டும்.

ஓடையனூரில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். காலனியின் சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் செம்மண் தண்ணீர் வந்துவிடும். அப்போது சுடுகாட்டுக்கு ஒரே வழி, சிவசங்கரின் கரும்புத் தோட்டத்து ஓரமாக நடந்து, மதகின் மேல் ஏறிக் கடப்பதுதான். அரசாங்க வரைபடத்தில் அப்படி ஒரு பாதை கிடையாது. பாடை தூக்கிய கால்கள் நடந்து நடந்து போட்ட பாதை அது. சிவசங்கர் சொட்டுநீர்க் குழாய் பதித்தபோது அதையும் சேர்த்துக் கம்பிவேலி வளைத்து, இரும்பு கேட் வைத்துப் பூட்டிவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் மாயவனின் பங்காளி ஒருவர் இறந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தூக்கிப் போனார்கள். நடுவில் ஒருவன் கால் வழுக்கப் பாடை சாய்ந்து, பிணத்தின் கை தண்ணீரில் தொங்கியது. செத்த பிறகும் ஒரு மனிதனைக் குளிரவைத்து அனுப்பும் நாட்டில் மேடை மேடையாகப் பண்பாடு பேசுகிறோம்.

காலனி சார்பில் மனு எழுதியது எழில்மதிதான். அந்த மனுவை ஏஐயிடம் கேட்கவில்லை, சொந்தமாக எழுதினாள். 'காலங்காலமாக யாருடைய அனுமதியும் இன்றி நாங்கள் பயன்படுத்தி வரும் பாதை' என்று எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள். சமாதானக் கூட்டம் வைக்கிறோம் என்று பதில் வந்தது. பகலில் சிவசங்கரின் புகழ், சாயங்காலம் சிவசங்கர் மேல் மனு. இரண்டும் ஒரே விரல்.

அந்தச் சமயத்தில்தான் சிவசங்கரின் அப்பாவுக்கு நினைவு நாள் வந்தது. கடை வாட்ஸ்அப்புக்குக் குரல் பதிவு அனுப்பினார்.

"அப்பாவப் பத்தி உருக்கமா ஒண்ணு போடும்மா. ஊருக்கே நல்லது பண்ணவரு. இன்னா பண்ணாருன்னு நீயே பாத்துப் போட்டுக்கோ."

எழில்மதி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பெற்ற அப்பன் செய்த நல்லது ஒன்றுகூட மகனுக்கு ஞாபகம் வரவில்லை. அவளையே பார்த்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். சட்டென்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வந்தபோது அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது! அந்தப் பெரியவர்தான் காலனிக்குப் பாதை விட்டார் என்று எழுதிவிட்டால்? ஊர் உலகம் பாராட்டும். பாராட்டு வாங்கியவன் கேட்டைப் பூட்டி வைத்திருக்க முடியுமா? சட்டத்தால் திறக்காத பூட்டைப் புகழால் திறந்துவிடலாம்.

பிராம்ப்ட் அடித்தாள். 'என் அப்பா மறைந்துவிட்டார். காலனி மக்கள் தங்கள் இறந்தவர்களைத் தூக்கிச் செல்ல எங்கள் நிலத்தில் வழி விட்டவர். அதைப் பெருமையாகச் சொல்லாதே, கடமையாகச் சொல். மழைக்காலத்தில் ஓடையில் பாடை சாய்ந்து, பிணத்தின் கை தண்ணீரில் தொங்கியதை அவர் பார்த்தார். அங்கிருந்து தொடங்கு.'

ஏஐ எழுதியதைப் படித்தபோது அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

'என் அப்பா கோயில் கட்டவில்லை. ஒரு பாதை விட்டார்' என்று முதல் பதிவு. நடுவில், தண்ணீரில் தொங்கிய கை. அப்புறம் பெரியவர் பேசுகிறார்: 'இன்று இவர்களுக்கு வழி விடாவிட்டால், நாளை என்னைத் தூக்கிப் போகும்போது நான் யாரிடம் வழி கேட்பேன்?' கடைசிப் பதிவில், 'மாயவன் அண்ணன் அப்பாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று எங்கள் வேலி உடைந்தது.' மாயவன் என்ற பெயர் முந்தைய ஏதோ ஒரு திரெட்டுக்காக அவளே எப்போதோ கொடுத்தது. அது மறக்கவில்லை, சரியான இடத்தில் எடுத்து வைத்தது. அந்தப் பெரியவர் உயிரோடு இருந்தவரை மாயவன் அவர் வாசற்படிக்கு இந்தப் பக்கம்தான் நின்றார். கையைத் தொடுவதாவது! எழில்மதி அந்த வரியை அழிக்கப் போனாள். ஆனால் அது இல்லாவிட்டால் கண்ணீர் வராது. விட்டுவிட்டாள்.

உடனே சிவசங்கரிடமிருந்து பதில் வந்தது. "சூப்பர்ம்மா. படிச்சிட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அப்பா அப்படித்தான்."

திரெட் பற்றிக்கொண்டது. சென்னையில் உட்கார்ந்திருப்பவர்கள் 'இப்படியும் மனிதர்கள்' என்று பகிர்ந்தார்கள். ஒரு சேனல்காரர் பேட்டி கேட்டார். மறுநாள் காலையில் கேட் திறந்து கிடந்தது. திறந்த கேட்டில் கைவைத்து வெள்ளைச் சட்டையில் சிவசங்கர் நிற்கும் போட்டோவும் வந்தது. பஸ்ஸில் வரும்போது எழில்மதி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஜெயித்தோம் என்ற நினைப்பில் இன்னும் ஒரு காரியம் செய்தாள். காலனியில் அஜித்குமார் என்று ஒருவன், ஜேசிபி ஓட்டுகிறவன், இளைஞர்களின் வாட்ஸ்அப் குழு அவன் கையில். அவனைக் கூப்பிட்டு, "எல்லாரும் அந்தப் பதிவுல போய் நன்றின்னு போடுங்க" என்றாள்.

"இன்னா எழிலு, பூட்டுனவனுக்கே நன்றியா? உனுக்கு வெயிலு ஜாஸ்தி ஆயிடுச்சா?"

"சொன்னா கேளு. ஊரு உலகம் பாத்துகினு இருக்குது. நாம பத்துப் பேரு நன்றி சொல்லிட்டா, மறுபடி பூட்ட அவருக்குக் கை வருமா?"

"அதெல்லாம் சரி. உங்கப்பாரு எப்போ அந்தக் கெழவன் கையப் புடிச்சாரு? எனுக்குத் தெரியாம நடந்துருக்குதே!"

"எழுதும்போது அப்படித்தான் எழுதுவாங்க."

"எவனோ செமயா எழுதிக்கீறான். படிச்சிட்டு எங்கம்மா அழுதுட்டுது. மெட்ராஸ்காரனாத்தான் இருப்பான்" என்று சொல்லிக்கொண்டே அஜித்குமார் போனை எடுத்தான். 'நன்றி அண்ணா' என்று போட்டான். அவன் போட்டதும் குழுவில் இருந்த எல்லாரும் போட்டார்கள். கும்பிடு போடும் கைப்படம் வரிசையாக இறங்கியது.

சமாதானக் கூட்டம் கிராம சேவை மையக் கட்டடத்தில் நடந்தது. வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பலரையும் போல அவசரத்தில் இருந்தார். இருந்த நாற்காலிகளில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். காலனிக்காரர்கள் சுவர் ஓரமாக நின்றார்கள்.

"உக்காரு மாயவா, கால் வலிக்கப்போவுது" என்று தரையைக் காட்டினார் சிவசங்கர். மாயவன் நின்றுகொண்டே இருந்தார்.

அதிகாரி மாயவனிடம்தான் முதலில் கேட்டார். "எவ்வளவு காலமா இந்த வழியில போறீங்க?"

"எங்க அப்பனுக்கு அப்பன் காலத்துல இருந்துங்க."

"போறப்ப யார்கிட்டயாவது கேட்டுட்டுப் போவீங்களா?"

"எழவ எடுத்துகினு போறதுக்கு யாரங்க கேக்கணும்? போவோம், வருவோம்."

அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இந்தப் பதிலில்தான் மொத்த மனுவும் நின்றது.

சிவசங்கர் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து சில தாள்களை எடுத்து நீட்டினார். திரெட்டை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அதிகாரி வாய்விட்டுப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இளகியது. தண்ணீரில் தொங்கிய கை வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார். அதில் வெறும் நன்றிகள்.

"அஜித்குமார் யாரு?"

அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"நன்றி அண்ணான்னு நீதான் போட்டியா?"

"ஆமா சார். ஆனா அது வந்து..."

"ஒருத்தர் தன்னோடதக் குடுத்தா நன்றி சொல்லுவோம். நம்மளோடத நாமளே எடுத்துக்கிட்டா யாருப்பா யாருக்கு நன்றி சொல்றது?" அவர் அதட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்பதுபோல மெதுவாகத்தான் கேட்டார். அதுதான் கொடுமையாக இருந்தது.

"அதாங்க சார் நானும் சொல்றேன்" என்றார் சிவசங்கர். "அப்பா தானமா விட்டாரு. நான் மாட்டேன்னு சொன்னனா? உரிமைன்னு பெட்டிஷன் போட்டா மனசு கஷ்டமா இருக்குமா இருக்காதா? எழவு விழுந்தா வூட்டாண்ட வந்து ஒரு வார்த்த கேக்கட்டும். சாவிய எடுத்துக் குடுத்துட்டுப் போறேன்." ஒப்பந்தமும் தயாராக வைத்திருந்தார். 'மேற்படி நில உரிமையாளரின் தயவின் பேரில், ஒவ்வொரு முறையும் அனுமதி பெற்று, பாதை மீது எவ்வித உரிமையும் கோராமல்' என்று போயிற்று அது.

புகழை எடுத்து எழில்மதி பூட்டுக்குச் சாவியாகப் போட்டாள். அதே புகழ் பூட்டாக மாறி உட்கார்ந்திருக்கிறது. யாரும் கொடுக்காத பாதையைக் கொடுத்ததாக எழுதியவள் அவள். கொடுத்ததாக ஆகிவிட்டால், கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். இந்தச் சின்ன விஷயம் எப்படி அவள் மூளைக்குத் தட்டுப்படாமல் போயிற்று? ஏனென்றால் ஆண்டாண்டு காலமாக நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்: கிடைத்தால் கும்பிடு. உரிமையையும் சலுகையையும் ஒரே கும்பிடில் வாங்கப் பழக்கிவிட்டார்கள். பட்டம் வாங்கிய பெண்ணின் கையிலும் அந்தப் பழக்கம் இருந்தது.

"சார்" என்றாள். "அந்தத் திரெட்டை எழுதுனது நான். அதுல இருக்கறது எதுவும் நடக்கல."

சிவசங்கர் சிரித்தார்.

"பாப்பா நமக்கு எழுதித் தர்ற கடையில வேல செய்யுது சார். உங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட் அடிக்கிற லெட்டர் டைப்பிஸ்ட்டோடதா?"

"நீங்க ஒண்ணும் சொல்லல சார். இன்னா பண்ணாருன்னு நீயே பாத்துப் போட்டுக்கோன்னுதான் சொன்னீங்க. நான் கம்ப்யூட்டர்ல ஏஐகிட்ட கேட்டு வாங்கிப் போட்டேன்."

சுவர் ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்ப்யூட்டர் எழுதிச்சா, நீ எழுதுனியா, அவர் எழுதுனாரா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா." மூன்றுமே உண்மைதான், மூன்றும் பொய்தான். "யார் எழுதினாலும் அவர் பேர்ல வந்துருக்கு. உங்க ஆளுங்க ஒத்துக்கிட்டு நன்றி சொல்லிருக்காங்க. இல்லன்னா, இல்லன்னு எழுத்துல குடுங்க."

அஜித்குமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீதானா அந்த மெட்ராஸ்காரன்?" என்றான். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

குஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சாவிக்குன்னு எவன் வூட்டு வாசல்ல போய் நிக்கறது? பொணத்தப் போட்டுட்டு நாங்க நின்னுகினு இருக்கணும், அவங்க சாப்ட்டு முடிச்சுக் கை கழுவிகினு வர வரைக்குமா?"

"அம்மா, அமைதியாப் பேசுங்க."

"அமைதியாத்தான் சார் கேக்கறேன்."

அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் இருக்கிற ஆதாரத்தை வைத்து முடிவு செய்வேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி வண்டி ஏறினார். அவர் போனதும் கேட் பூட்டப்பட்டது.

வீட்டில் அப்பாதான் பேச்சை எடுத்தார். "காசுக்கு எழுதுன, அது தப்பில்லம்மா. நானும் அவன் கரும்பத்தான் வெட்டிகினு இருந்தேன். என் பேர ஏன் இழுத்த? நான் எப்போம்மா அவுங்கப்பன் கையப் புடிச்சுகினு அழுதேன்?"

கண்ணீர் வரவேண்டும் என்பதற்காக என்று சொல்லவா முடியும்?

வேலை போய்விடும் என்று எதிர்பார்த்துத்தான் மறுநாள் மாடி ஏறினாள். போகவில்லை. "சாரு ஒண்ணும் கோவமா இல்லம்மா" என்றார் பிரவீன்குமார். "பொண்ணுக்கு ரோஷம் இருக்குது, எழுத்தும் நல்லா வருது, விட்டுடாதேன்னாரு. பெரிய மனுஷன்யா! சரி, அடுத்தது ஒண்ணு அவசரமாக் கேக்கறாரு. தலைப்பு 'நீட்டிய கை'. நாங்க தயவாக் குடுத்தோம், அவங்க தட்டிவிட்டாங்க, ஆனாலும் கோவம் இல்ல. இந்த மாதிரி. மீட்டிங்ல உங்கம்மா ஏதோ பேசுச்சாமே? அத்தக் கொஞ்சம் நடுவுல வெச்சின்னா நெசமா இருக்கும்."

துரத்தியிருந்தால்கூட வெளியே போய் நின்றிருப்பாள். பிடித்துவைத்து அம்மாவின் வாயையும் கேட்கிறார்கள்.

சிவசங்கரின் கணக்கு அவள் திரையில் திறந்துதான் இருந்தது. பாஸ்வேர்ட் அவளே வைத்தது. ஒரே ஒரு பதிவு போட்டால் போதும்: 'அந்தப் பாதை காலனி மக்களுக்கே சொந்தம். வேலியை எடுக்கிறேன்.' விரல் எழுத்துகளின் மேல் போய் நின்றது. பிறகு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அதுவும் அவர் வாயிலிருந்து வரும் தானம்தானே? அவர் கொடுத்ததாக இன்னொரு பொய். அதற்கும் காலனிக்காரர்கள் நன்றி போட வேண்டும்.

வேறொரு பக்கத்தைத் திறந்து, திரெட்டை முழுவதும் ஒட்டி ஏஐயிடம் கேட்டாள்: 'இது பாதை மேல் உரிமை கேட்கும் மக்களைப் பாதிக்குமா?' ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதமாக, ஒவ்வொன்றுக்கும் முன்னால் புள்ளி வைத்துப் பதில் சொன்னது. பாதிக்கலாம் என்றது. நில உரிமையாளரின் அனுமதியை மக்கள் ஏற்றுக்கொண்டதாக இந்த நன்றிகளை எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு என்றது. யாரையும் கேட்காமலே நடந்து வந்தோம் என்று நேரில் அறிந்தவர்கள் சாட்சி சொன்னால் உதவும் என்றது. வழக்கறிஞரைப் பாருங்கள் என்றது. மாயவனை அழவைத்ததும் இதே பெட்டி. இப்போது அந்த அழுகை உங்களுக்கு எதிரானது என்று விளக்குவதும் இதே பெட்டி. அதைத் திட்டி என்ன பிரயோஜனம்? அது கேட்டதைக் கொடுக்கிறது. கேட்டது அவள்.

"நான் எழுத மாட்டேண்ணா" என்றாள்.

பிரவீன்குமார் அவள் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, வருத்தம்கூட இருந்தது. "நீ எழுதலன்னா நின்னுடுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். அவளுடைய பிராம்ப்ட்கள் எல்லாம் கடைப் பொதுக் கோப்பில் வரிசையாக இருந்தன. 'தென்றல் கூடாது, மண்வாசனை கூடாது' என்பது உட்பட. விஷயத்தை மட்டும் மாற்றி அடித்தார். டீக்கடைப் பையன் கிளாஸ் வைத்துவிட்டுப் போவதற்குள் 'நீட்டிய கை' வந்து விழுந்தது. அவர் படித்துக் காட்டினார். அவள் குரல்தான். அவள் எங்கே நிறுத்துவாளோ அங்கே நிறுத்தியது. அவள் எந்தச் சொல்லைத் தவிர்ப்பாளோ அதைத் தவிர்த்தது. 'ஒரு தாய் கேட்டார், நாங்கள் ஏன் உங்கள் வாசலில் நிற்க வேண்டும் என்று. அம்மா, இது உங்கள் வாசலும்தான் என்றேன்.'

எழில்மதி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். கீழே செருப்புக் கடையில் வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் காலனி சமுதாயக் கூடத்தில் கூடினார்கள். வயதானவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல, எழுதி அதிகாரியிடம் கொடுப்பதென்று பேச்சு. வழக்கமாக இந்த மாதிரி வேலைக்கு எழில்மதியைத் தேடிக்கொண்டு வருவார்கள். இந்தத் தடவை அவளே தேடிக்கொண்டு போனாள். அஜித்குமார் பரீட்சை அட்டையில் தாள் செருகி, பேனாவோடு உட்கார்ந்திருந்தான். அவள் கை நீட்டினாள்.

"குடு அஜித்து, நான் எழுதறேன்."

"வேணாம்." அவன் தலை நிமிரவில்லை. "நீ எழுதுனா நல்லாருக்கும். நல்லாருந்தா நம்பமாட்டாங்க."

"அவளத் திட்டாதடா" என்றார் மாயவன்.

"திட்டல பெரியப்பா. இவ கை பட்டாலே யாரோ ஒருத்தன் அழுவான். நமக்கு யாரும் அழத் தேவல."

அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். ஒருவர் தன் தம்பியைத் தூக்கிப் போனதைச் சொன்னார். ஒருத்தி, தலைச்சன் பிள்ளையைக் கையிலேயே எடுத்துப்போனதைச் சொன்னாள். அவர்கள் பேச்சு கண்டபடி ஓடியது, முன்னும் பின்னும் பேசினார்கள், பாதியில் வேறு சண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அஜித்குமார் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டே போனான். இதை இங்கே வைத்து, அதை முன்னால் கொண்டுவந்து, இந்தப் பிள்ளையைக் கடைசியில் நிறுத்தினால் என்று எழில்மதியின் மூளை தானாக வேலை செய்தது. அப்படி வேலை செய்கிற மூளையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. குஞ்சம்மாள் தன் மாமனாரைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, எழுதுகிறவனின் தோளைத் தட்டினாள்.

"யாரையும் கேக்கலன்னு எழுதுனியாடா?"

"எழுதிட்டேன் பெரியம்மா."

"மறுபடியும் எழுது."

வெளியே மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் ஒரு தடவை எழுந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். காலனியில் இரண்டு வீட்டில் ஆட்கள் இன்றோ நாளையோ என்று படுக்கையில் கிடந்தார்கள்.

கடைசியில் அஜித்குமார் பேனாவை உதறிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "உனுக்கு இன்னா தெரியும்? சொல்லு."

எழில்மதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ எனக்கு விவரம் தெரியாத வயசு. மழை விட்டு, கரும்புத் தோகையில..."

"கதை வேணாம் எழிலு. பாத்தது மட்டும் சொல்லு."

பார்த்ததை மட்டும் சொல்வது எப்படி என்று தேடினாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"எங்க பெரியம்மாவ அந்த வழியாத் தூக்கினு போனாங்க. நான் பின்னாலயே மதகு வரைக்கும் போனேன். வேலி இல்ல. கேட் இல்ல. தோட்டத்துல மோட்டார் ஓடிகினு இருந்துது. பெரியவரு கெணத்தாண்ட நின்னுகினு பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. நாங்களும் கேக்கல."

"அவரு போகச் சொன்னாரா?"

"இல்ல."

"வேணாம்னாரா?"

"இல்ல."

அஜித்குமார் குனிந்து எழுதினான். எழுதியதை மெல்ல ஒரு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, அட்டையை அவளிடம் நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினான்.